மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்ப்: கழற்றுமுன் சத்தத்தைக் கேளுங்கள்

மொறிஸ் மைனர் நடுவீதியில் நின்றுவிட்டால் முதல் ஏச்சு எஸ்யூ (SU) கம்பனியின் பெற்றோல் பம்புக்குத்தான் விழும். பம்ப் பழுதாவது உண்மைதான். ஆனால் புதுப் பம்ப் பூட்டிய மறுவாரமே அதே கார் அதே மாதிரி நிற்பதும் வழமையாக நடப்பதுதான். கழற்றி எறிந்த பழைய பம்பில் ஒரு குறையும் இருந்திருக்காது. எர்த் வயரில் (மின்சாரம் கார் உடலுக்குப் போகும் வயர்) துரு, பெற்றோல் தாங்கியிலிருந்து வரும் குழாயில் காற்று, தாங்கி மூடியில் அடைபட்ட துளை என்று காரணம் வேறெங்கோ இருந்திருக்கும். இலங்கையில் இன்னும் ஓடுகிற மைனர்களில் பல, 948 சிசி அல்லது 1098 சிசி எஞ்சினோடு வந்த '1000' வகை. அவற்றின் பம்ப் எந்நேரமும் 'டக் டக்' என்று தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கப் பழகியவருக்கு ஸ்பானரைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

பம்ப் இருப்பது எஞ்சின் அறையின் பின்சுவரில், பற்றரிக்கு அருகே. ஒரு முனையில் அலுமினிய உடல், அதோடு சேர்ந்த உருளையான இரும்புக் கூட்டுக்குள் கொயில், கடைசியில் கறுப்பு பேக்கலைற் மூடி. இக்னிஷன் போட்டதும் கொயில் காந்தமாகி உள்ளிருக்கும் இரும்புத் தட்டை இழுக்கும். தட்டோடு ஒட்டிய டயப்பிரமும் (நெகிழும் மெல்லிய சவ்வு) சேர்ந்து பின்வாங்க, தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படும். இழுவை முடியும் இடத்தில் ஒரு தண்டு மூடிக்குள் இருக்கும் ரொக்கர் என்ற சாய்ந்தாடும் சிறு நெம்பைத் தட்டிவிட, பொயின்ற் (மின்தொடுமுனை) திறந்து மின்சாரம் அறும். அதன்பிறகு டயப்பிரத்தைத் தள்ளுவது ஸ்பிரிங் மட்டுமே. கார்பரேற்றருக்குப் பெற்றோல் போவது அந்தத் தள்ளலில்தான். அதனால் அழுத்தமும் ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டாது. சதுர அங்குலத்துக்கு ஒன்றரை இறாத்தல் அளவில் நின்றுவிடும். கார்பரேற்றரின் மிதவை உயர்ந்து நீடில் வால்வை மூடிவிட்டால் ஸ்பிரிங்கால் மேலும் தள்ள முடியாது. டயப்பிரம் அப்படியே நிற்கும், பொயின்ற் திறந்தபடி இருக்கும், சத்தமும் இருக்காது.

நல்ல பம்ப் எப்படிக் கேட்கும் என்பது இதிலிருந்தே தெரியும். சில நாள் நின்ற காரில் இக்னிஷன் போட்டால் முதலில் வேகமாகத் தட்டும், பின் தளர்ந்து, சில வினாடிகளில் நின்றுவிடும். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் காதைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தட்டு கேட்டால் கவலையில்லை. அதைவிட அடிக்கடி தட்டினால் பெற்றோல் எங்கோ வழிகிறது: ஒன்றில் கார்பரேற்றரின் நீடில் இருக்கையில் சரியாக அமரவில்லை, அல்லது பம்பின் வால்வுத் தட்டு கசிந்து பெற்றோல் பின்னால் இறங்குகிறது. கார்பரேற்றரின் மிதவை அறையின் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் முதலாவது, காய்ந்திருந்தால் இரண்டாவது.

நிறுத்தாமல் வேகமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது, பெற்றோல் வரவில்லை என்றால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. தாங்கி காலியா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பெற்றோல் மானியின் முள் பொய் சொல்வது இந்தக் காரில் அபூர்வமில்லை. மெதுவாக, மூச்சு வாங்குவதுபோல் தட்டினால் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு. தாங்கி மூடியைத் திறந்து பார்க்கலாம். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே பம்ப் வேகம் எடுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்தித் துளையைத் திறந்தால் செலவில்லாமல் வேலை முடிந்தது.

சத்தமே இல்லாத பம்ப்தான் மிச்சம். மிதவை அறை நிரம்பியதால் பேசாமல் இருக்கிறதா, இறந்துவிட்டதா என்பதைப் பிரிக்க, கார்பரேற்றர் பக்கத்துக் குழாயை மெல்லத் தளர்த்துங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும், கீழே துணி இருக்கட்டும். தளர்த்தியதும் தட்டத் தொடங்கினால் பம்பில் குறையில்லை; மிதவை அறை நிரம்பியிருக்கிறது, அல்லது நீடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதும் மௌனம் என்றால் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே மீற்றர் ஏமாற்றும். துருப்பிடித்த இணைப்பிலும் அது 12 வோல்ற் என்று காட்டும், ஏனென்றால் அது மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை. பின்விளக்கின் 21 வாற்று பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்துச் சோதனை விளக்காக வைத்திருப்பது நல்லது. இக்னிஷனை நிறுத்தி, பம்பின் முனையத்திலிருந்து வெள்ளை வயரைக் கழற்றுங்கள் (லூக்காஸ் கம்பனி வயரிங்கில் இக்னிஷனோடு வரும் மின்சாரத்தின் நிறம் வெள்ளை). விளக்கை அந்த வயருக்கும் கார் உடலுக்கும் இடையே மாட்டிவிட்டு இக்னிஷனைப் போடுங்கள். முழு வெளிச்சம் வர வேண்டும். மங்கினால் குறை வயரில் அல்லது சுவிட்சில். அடுத்து விளக்கின் உடல் பக்க முனையைப் பம்பின் சொந்த உடலில் வையுங்கள். இப்போது மட்டும் மங்கினால் எர்த் குறை. பம்ப் பின்சுவரில் இறுகியிருப்பதால் எர்த் தானாகக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பெயின்ற் பூசிய தகரத்தில், கடற்காற்றுப் படும் ஊரில், அது சில வருடம்கூடத் தாங்காது. பம்ப் உடலிலுள்ள எர்த் ஸ்குருவிலிருந்து காரின் தகரத்துக்குத் தனி வயர் ஒன்று கட்டாயம் போக வேண்டும்.

மின்சாரம் சரி, எர்த் சரி, பம்ப் தட்டவில்லை என்றால் குறை உள்ளேதான். பொயின்ற் கருகியிருக்கும், அல்லது கார் மாதக்கணக்கில் நின்றதில் ஒக்சைட் படிந்திருக்கும். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டுக்குப் பயந்து கொட்டிலில் விட்ட பல கார்களில் நடந்தது இதுதான். ஸ்பானர் பிடியால் பம்பில் ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. வீடு வந்து சேர அது போதும். தட்டுவது இரும்புக் கூட்டில் இருக்கட்டும். பேக்கலைற் மூடியில் தட்டினால் அது வெடித்துவிடும், தனி மூடி தேடி அலைய வேண்டிவரும்.

மாற்றுவது என்று முடிவானால் சரியான பம்பை வாங்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கவனிக்க வேண்டியது இரண்டு: அழுத்தம், எர்த்தின் திசை.

எஸ்யூ பம்பில் தாங்கிக்குப் பக்கத்தில் பூட்டும் உயர் அழுத்த வகையும் உண்டு. அதன் இரும்புக் கூடு நீளமானது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையில் "எஸ்யூ பம்ப்தான், எல்லாம் ஒன்றுதான்" என்று எடுத்துத் தருவது அதுவாகவும் இருக்கலாம். பழைய பம்பைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள், தகட்டிலுள்ள இலக்கத்தையும் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் சதுரப் பெட்டி மாதிரியான பொது மின் பம்புகள் இன்னும் மோசம். அவற்றில் பல நாலைந்து இறாத்தலுக்கு மேலே தள்ளும். மைனரின் ஒன்றேகால் அங்குல எஸ்யூ கார்பரேற்றரின் நீடில் மூன்று இறாத்தல் வரையில் தாங்கலாம்; அதற்கு மேலே போனால் மிதவை அறை நிரம்பி வழியும். வழிகிற பெற்றோல் எங்கே போகிறது என்று பொனற்றைத் திறந்து பாருங்கள். இந்த எஞ்சினில் கார்பரேற்றருக்கு நேர் கீழே இருப்பது எக்ஸோஸ்ற் மெனிஃபோல்ட். வேறு வழியில்லாமல் அப்படிப்பட்ட பம்ப்தான் பூட்ட வேண்டுமென்றால், அழுத்தம் குறைக்கும் ரெகுலேற்றர் ஒன்றையும் சேர்த்து வாங்கி ஒன்றரை இறாத்தலில் வையுங்கள்.

எர்த் விஷயம் இன்னும் நுட்பமானது. மைனர் வந்தது பொசிட்டிவ் எர்த்தோடு. பற்றரியின் பிளஸ் முனைதான் கார் உடலுக்குப் போகும். ரேடியோ பூட்டவோ ஓல்ரனேற்றர் போடவோ இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். அதனால் புத்தகத்தை நம்பாமல், உங்கள் காரில் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பொயின்ற் வைத்த பழைய பம்புக்கு, அதற்குள் டயோட் இல்லாதவரை, இந்த வேறுபாடு தெரியாது. எப்படிக் கொடுத்தாலும் ஓடும். பொயின்ற் இல்லாத இலத்திரனியல் பம்ப் அப்படியில்லை. நெகற்றிவ் எர்த்துக்கென்று செய்ததைப் பொசிட்டிவ் எர்த் காரில் மாட்டி இக்னிஷன் போட்டால் உள்ளிருக்கும் சுற்று அந்தக் கணமே கருகும். மின்சாரச் சாமான் என்பதால் கடைக்காரர் திருப்பியும் எடுக்கமாட்டார். பெட்டியில் எந்த எர்த் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

கழற்றும் வேலைக்கு ஒரு மணித்தியாலம் தாராளம். வெளியே காற்றோட்டமான இடத்தில், எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு தொடங்குங்கள். காரின் முன்பக்கம் சரிவில் தாழ்ந்து நிற்கக்கூடாது. சமதரையில் நின்றால் தாங்கி பம்பைவிடக் கீழே இருப்பதால் குழாயைக் கழற்றியதும் சிறிது பெற்றோல் சிந்தி நின்றுவிடும். முன்பக்கம் இறங்கி நின்றால் தாங்கியிலுள்ளது முழுக்கக் குழாய் வழியே ஓடி வரப் பார்க்கும். சமையலறையின் காஸ் அடுப்புக்கும் சாமியறை விளக்குக்கும் தள்ளியே நிறுத்துங்கள்.

பற்றரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். கை பழக்கத்தில் மைனஸைத் தேடும். பொசிட்டிவ் எர்த் காரில் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ். மைனஸிலிருந்து தொடங்கினால் ஸ்பானர் பக்கத்துத் தகரத்தில் பட்ட கணம் பொறி பறக்கும், அதுவும் பெற்றோல் பம்புக்குப் பக்கத்தில்.

பின்பு பம்ப் முனையத்தின் வயர், எர்த் வயர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். முனைய நட் 2 பிஏ என்ற பழைய பிரித்தானிய அளவு. 8 மில்லிமீற்றர் ஸ்பானர் உள்ளே போகாது, 9 வழுக்கும். பிஏ ஸ்பானர் இல்லையென்றால் சிறிய சரிப்படுத்தும் ஸ்பானரை இறுக்கமாக வைத்துப் பாவியுங்கள். குழாய்களைக் கழற்றும்போது எப்போதும் இரண்டு ஸ்பானர்: ஒன்று பம்பின் யூனியனை (குழாய் இணைப்பை) அசையாமல் பிடிக்க, மற்றது குழாயின் நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பானரால் மல்லுக்கட்டினால் செப்புக்குழாய் முறுகும், அல்லது அலுமினிய உடலின் புரி கழன்று வரும். தாங்கிப் பக்கக் குழாயின் வாயைப் பொருத்தமான போல்ட்டால் அடைத்துவிடுங்கள். பிறகு பம்பைத் தாங்கும் நட்டுகளைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டியதுதான்.

புதுப் பம்பைப் பூட்டுமுன் பின்சுவரில் அது அமரும் இடத்தையும் எர்த் வயர் இறுகும் இடத்தையும் வெறும் தகரம் தெரியும்வரை சுரண்டுங்கள். பூட்டும்போது வெளியேறும் யூனியன் நேர் மேலே இருக்க வேண்டும். இந்த வகையில் வால்வு என்பது மெல்லிய பித்தளைத் தட்டு, அதற்கு ஸ்பிரிங் கிடையாது. தன் பாரத்தில் விழுந்துதான் மூடும். பம்ப் சாய்ந்தால் தட்டும் சாயும், கசியும். பைபர் வோஷர்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள். நசுங்கிய பழைய வோஷரைத் திருப்பிப் போடுவது காற்றுக்கு வழி திறந்துவிடுவது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பை இங்கே சுற்றவே வேண்டாம். அதன் இழை ஒன்று பிய்ந்து நீடில் வால்வில் சிக்கினால் கார்பரேற்றர் வழியத் தொடங்கும், காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

இடையே பிளாஸ்ரிக் பில்ரர் போடுவது இப்போது வழமை. போடுவதானால் பம்புக்கும் கார்பரேற்றருக்கும் நடுவே, எக்ஸோஸ்ற் மெனிஃபோல்ட்டுக்கு மேலே வராதபடி. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு பில்ரர் என்றால் கூடுதலாக இரண்டு இணைப்பு, காற்றுப் புக இரண்டு வாசல். அந்தப் பக்கத்து அழுக்கைப் பிடிக்கப் பம்பின் அடியில் கம்பிவலை இருக்கிறது. அடிப் பித்தளைப் பிளக்கைக் கழற்றினால் கையில் வரும். பழைய தாங்கியின் துருத்தூள் முழுக்க அங்கேதான் சேரும்.

கார்பரேற்றர் குழாயை மாட்டுமுன் ஒரு சோதனை. பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது இதைத்தான். வெளியேறும் யூனியனில் ரப்பர்க் குழாய் ஒன்றை மாட்டி மறுமுனையை ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலுக்குள் விடுங்கள். இக்னிஷன் கொயிலின் சிறிய வயரைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் நெடுநேரம் போட்டிருந்தால், டிஸ்ட்ரிபியூற்றரின் பொயின்ற் மூடிய நிலையில் நின்றுவிட்டால், கொயில் சூடேறிக் கெடும். இனிப் பற்றரியை மாட்டி (எர்த் முனை கடைசியில்) இக்னிஷனைப் போடுங்கள். நிமிடத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் வர வேண்டும். போத்தலில் பெற்றோல் ஏறியதும் குழாயின் நுனியை அதற்குள் அமிழ்த்திப் பாருங்கள். தொடக்கத்தில் குமிழி வரும், அது குழாயிலிருந்த காற்று. சிறிது நேரத்தில் குமிழி நின்று தெளிவாக ஓடினால் உறிஞ்சும் பக்கம் சுத்தம். குமிழி நிற்கவே இல்லை என்றால் தாங்கியிலிருந்து பம்ப் வரை எங்கோ காற்று நுழைகிறது. புதுப் பம்பும் அதை மறைக்காது.

அந்தக் காற்றைத் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை: பம்பின் உள்வரும் யூனியன், கம்பிவலைப் பிளக்கின் வோஷர், தாங்கிக்கு மேலே குழாய் இணையும் இடம், நடுவே ரப்பர்க் குழாய் ஏதும் இருந்தால் அதன் வெடிப்பு. யாழ்ப்பாணத்துக் கார்களில் இன்னொன்றும் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் அங்கே வாகனங்கள் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் காலத்தில் குழாயை வெட்டிப் போட்ட டீ (T) இணைப்போ வால்வோ மிச்சமிருந்தால் முதற் சந்தேகம் அதன்மேல் இருக்கட்டும். ஒட்டுப்போடுவதைவிட அந்தத் துண்டுக்குப் புதுச் செப்புக்குழாய் போடுவதே மேல். கசிவு பெற்றோலாக வெளியே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உறிஞ்சும் பக்கம் காற்றை உள்ளே இழுக்கும், ஈரம் வெளியே வராது.

சோதனை சரியானால் இக்னிஷனை நிறுத்தி, கார்பரேற்றர் குழாயையும் கொயில் வயரையும் மாட்டி, சிந்திய பெற்றோல் காய்ந்த பிறகு மறுபடி போட்டுக் கேளுங்கள்: வேகம், தளர்வு, மௌனம். எஞ்சினை ஓடவிட்டு எல்லா யூனியனையும் காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள். பம்ப் எஞ்சின் சூட்டில் இருப்பதால் உச்சி வெயிலில் ஓடி நிறுத்திய பத்து நிமிடத்தில் ஸ்ரார்ட் எடுக்க மறுத்தால், அது புதுப் பம்பின் குறை என்று பதறவேண்டாம். பெற்றோல் குழாயில் ஆவியாகியிருக்கும். ஈரத்துணியைப் பம்பின் அலுமினிய உடலில் சற்று நேரம் போட்டால் இறங்கிவிடும். முனையத்தில் மட்டும் தண்ணீர் படக்கூடாது.

பழைய பம்பைக் குப்பையில் போடாதீர்கள். பொயின்ற் மட்டும் கருகியிருந்தால் மூடியைத் திறந்து, மிக மெல்லிய உப்புத்தாளால் இரண்டு முகத்தையும் தேய்த்து, வெள்ளைக் கடதாசியை நடுவே விட்டு இழுத்தால் தூள் வந்துவிடும். டயப்பிரம் விறைத்திருந்தால் கிட் வாங்கி மாற்றலாம். ஆறு ஸ்குருவையும் கழற்றி டயப்பிரத்தை இடஞ்சுழியாகச் சுற்றும்போது கீழே ஒரு தட்டை வையுங்கள். பழைய வகையில் அதன் விளிம்பைச் சுற்றி 11 சிறிய பித்தளை உருளைகள் இருக்கும். உருண்டு ஓடி ஒன்று தொலைந்தாலும் தட்டு நடுவில் நிற்காது. புதியதை மாட்டும்போது பொயின்ற் தகட்டை ஒதுக்கி, பம்பைப் படுக்கையாகப் பிடித்து, தட்டை அழுத்தினாலும் ரொக்கர் சாயாத அளவுக்கு டயப்பிரத்தைத் திருகி ஏற்றுங்கள். பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்றாகத் தளர்த்தித் தளர்த்தி அழுத்திப் பாருங்கள். ரொக்கர் முதன்முதலாகச் சாயும் இடம் கிடைத்ததும், ஸ்குருத் துளைகள் நேர்ப்படும்படி வைத்து, அங்கிருந்து மேலும் நான்கு துளை, அதாவது மூன்றில் இரண்டு சுற்று, தளர்த்த வேண்டும். இதில் ஒரு துளை முன்பின் ஆனாலும் பம்ப் தட்டும், ஆனால் அரைகுறையாக. டயப்பிரத்துக்குக் கோந்து எதுவும் பூசவேண்டாம்.

பழைய ரொக்கர் வகையில் ஆறு ஸ்குருவையும் இறுக்குமுன் டயப்பிரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். ரொக்கரின் வெள்ளை உருளை ஒன்றின் பின்னால் தீக்குச்சியைச் செருகினால் பொயின்ற் மூடியபடி நிற்கும். மின்சாரம் கொடுத்ததும் காந்தம் தட்டை இழுத்துப் பிடிக்கும், அந்த நிலையில் ஸ்குருக்களை எதிரெதிராக இறுக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குச்சியை எடுங்கள். பெற்றோல் நாற்றமில்லாத மேசையில் செய்ய வேண்டிய வேலை இது. வால்வுத் தட்டுகளை மாற்றும்போது வழுவழுப்பான முகம் கீழே பார்க்கட்டும்.

சரிபார்த்த பழைய பம்பை இரண்டு யூனியனின் வாயையும் அடைத்து, காய்ந்த துணியில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வையுங்கள், ஒரு 2 பிஏ ஸ்பானரோடும் நாலு பைபர் வோஷரோடும்.